பன்னிரண்டாம் நம்பர் பூட்ஸ்

1963 நவம்பர் 4

காலையிலிருந்து பூட்ஸோடு மல்லுக்கட்டு. கீழ் முகாமிலிருந்து கோவேறு கழுதைகளில் வந்த மூட்டைகளில் பனி பூட்ஸ் தொண்ணூறு ஜோடி இருந்தது. நான் ஸ்டோர் ஹவில்தாராக இருக்கும் இந்தக் கம்பெனியில் ஆட்கள் எண்பத்து நான்கு. எண்ணிக்கையில் குறையில்லை, அளவில்தான் கோளாறு. ஐந்தாம் நம்பர் மட்டும் முப்பது ஜோடி. ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய மூட்டை வழி தவறி இந்த இமயமலைக்கு வந்துவிட்டதோ என்று தோன்றியது. பக்கத்து மேட்டுக் கம்பெனியின் ஸ்டோருக்கு இரண்டு தடவை ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டு, மாற்றிக்கொண்டு வந்தேன். இந்த உயரத்தில் பத்தடி நடந்தாலே நெஞ்சு அடைக்கிறது.

ஐந்து மணிக்குள் எண்பத்து மூன்று பேருக்கு பூட்ஸ் கொடுத்தாயிற்று. மிச்சம் ஒருவன், சிப்பாய் வேடியப்பன். தருமபுரிப் பக்கத்துக்காரன், ஆறடி மூன்று அங்குலம். கம்பெனியின் இயந்திரத் துப்பாக்கியான பிரென் கன் அவன் தோளில்தான் இருக்கும். மற்றவர்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்குவதை அவன் ஒருவனே துண்டு போட்டுக்கொள்வதுபோல் போட்டுக்கொண்டு நடப்பான்.

"ஏல, ஒங்காலு என்ன நம்பருல?"

"பன்னண்டுண்ணா."

"இதுவரைக்கும் என்னத்தப் போட்டுக்கிட்டு இருந்த?"

"டிரெய்னிங்கப்ப வெலிங்டன்ல அளவெடுத்துத் தச்சிக் குடுத்தாங்கண்ணா. இதோ இதான்."

காட்டினான். சமவெளியில் போடும் தோல் பூட்ஸ். அடியில் இரும்பு ஆணி வரிசையாக. அதைப் போட்டுக்கொண்டு பனியில் நிற்பதும் வெறுங்காலோடு நிற்பதும் ஏறக்குறைய ஒன்று.

வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இடம், உயரம், ஆள் கணக்கு எதுவும் எழுதக்கூடாது. என் எரிச்சல் முழுக்க இந்த மூன்றுக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

நவம்பர் 6

மேலே பொருள் கேட்டு இண்டென்ட் எழுதி அனுப்பினேன். பூட்ஸ், பனி, பன்னிரண்டாம் அளவு, ஒரு ஜோடி. அவசரம் என்று இரண்டு கோடு போட்டேன்.

மிச்ச மூட்டைகளைப் பிரித்தேன். தோள்பைகளில் 1942 என்று முத்திரை. அந்த வருஷம் நான் பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பில் இருந்தேன். காலில் சுற்றும் கம்பளிப் பட்டிகள் அதற்கும் மூத்தவை, அந்துருண்டை வாசனையோடு. இன்னொரு மூட்டையில் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த தொப்பி வைத்த கோட்டுகள். புதுசுதான், நல்ல கதகதப்பு. ஆனால் எங்கள் பையன்கள் போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. கையுறையில் விரல் பிரிக்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு துப்பாக்கியின் விசையை எந்த விரலால் இழுப்பது என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். பதில் என்ன வரும் என்று தெரியும்.

கோட்டு வேடியப்பன் ஒருவனுக்குத்தான் தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

நவம்பர் 11

பதில் வந்தது. "பாதத்தின் வரைபடம் இணைக்கப்படவில்லை." ஒரு தாளைத் தரையில் போட்டு, அவனை ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றி வரைந்தேன். தாள் போதவில்லை. இரண்டு தாளை ஒட்டினேன். அவனுக்குக் கூச்சம், காலை இழுத்துக்கொண்டே இருந்தான்.

"ஆடாதல. ஒனக்காகத்தான செய்யுதேன்."

"செரிண்ணா."

நவம்பர் 13

வரைபடம் மையில் இருக்க வேண்டுமாம். மை புட்டியில் உறைந்து கிடக்கிறது. அடுப்பில் வைத்து உருக்கி வரைந்து அனுப்பினேன்.

நவம்பர் 17

இந்த வருஷத்தின் கடைசிக் கழுதை வரிசை இன்று வந்து போனது. இனி ஏப்ரல் வரை கணவாய் மூடிவிடும்.

இண்டென்டுக்குப் பதிலும் வந்தது. "பன்னிரண்டாம் அளவு பட்டியலில் இல்லை. சிறப்பு அளவாகக் கருத மருத்துவ அதிகாரியின் கையொப்பம் தேவை." மருத்துவ அதிகாரி கீழ் முகாமில் இருக்கிறார். எங்களிடம் இருப்பது நர்சிங் உதவியாளர் நாயக் அபூபக்கர் மட்டும். அவர் கையெழுத்து செல்லாது. நான் வரைந்த பாதம் நாலாக மடிக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தது.

அதே கழுதைகளில் மரப்பெட்டி ஒன்று வந்தது. அரக்கு முத்திரை வைத்தது. கூடவே உத்தரவு: புது மாதிரி பனி பூட்ஸ், உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது. ஏப்ரலில் பரிசோதனைக் குழு வந்து திறந்து பார்க்கும்வரை திறக்கக் கூடாது, யாருக்கும் வழங்கக் கூடாது. பொறுப்பு ஸ்டோர் ஹவில்தார். எங்கள் கம்பெனி கமாண்டர் மேஜர் பெள்ளியப்பா மற்ற காகிதங்களோடு சேர்த்து இதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படித்தேன். பிறகு பெட்டியைத் திருப்பி, சீட்டு இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். அப்படி வைத்தால் இடம் அடைக்காது.

டிசம்பர் 2

குளிர் இறுகிவிட்டது. தண்ணீர் கேன்கள் பாறாங்கல் மாதிரி கிடக்கின்றன. காவலுக்குப் போய் வந்த வேடியப்பன் பூட்ஸைக் கழற்றினால், உள்ளே காலுறை அடித்தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணி ஒவ்வொன்றும் குளிரை உள்ளே கடத்துகிறது. இன்று உட்கார்ந்து எல்லா ஆணியையும் பிடுங்கினேன். ஒரு காலுக்கு இருபத்தைந்து. பழைய டயரை வெட்டி அடியில் வைத்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு வெளியே போனான். மூன்றாவது அடியில் வழுக்கி விழுந்தான். ஆணி வைத்தால் குளிர், எடுத்தால் வழுக்கல். எவன் மேல் கோபப்படுவது?

சுபேதார் குஞ்ஞம்பு பர்மா சண்டையைப் பார்த்தவர். பக்கத்தில் நின்று பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜப்பான்காரனோட ஷூ கண்டிருக்கோ சூசே? பெருவிரல் தனி, மத்த விரல் தனி. மாட்டுக் குளம்பு மாதிரி. சேத்துல அந்தத் தடம் கண்டா எங்களுக்கு நெஞ்சு நின்னு போகும்."

"அதுல ஒண்ணு இருந்தா குடுங்க சாப், இவனுக்கு மாட்டிவிடுதேன்."

"அதும் இவனுக்குப் பத்தாது" என்றார்.

டிசம்பர் 9

புது யோசனை. கிழிந்த பெரிய கோட்டு ஒன்றிலிருந்து கம்பளியை வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் என் ஆட்டுத்தோல் அரைக்கோட்டின் ரோமத்தையும் வைத்து, வெளியே சாக்கு சுற்றி, பூட்ஸுக்கு மேல் மாட்டும் உறை தைத்தேன். மூன்று நாள் வேலை. ஊசி இரண்டு உடைந்தது. பார்க்க யானைக்கால் மாதிரி இருந்தாலும், போட்டு நடந்தவன் முகம் மலர்ந்தது.

"சூடா இருக்குதுண்ணா!"

தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அவன் பெயர் அவர்கள் சாமியின் பெயராம். காட்டோரத்தில் நட்ட கல். எந்தக் காலத்திலோ மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரன். கல்லில் வில் இருக்கிறது, குத்துவாள் இருக்கிறது, இடுப்பில் கச்சை இருக்கிறது.

"காலுல என்னல இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணும் இல்லண்ணா. வெறுங்காலு."

"அப்ப நீ ஒன் சாமியவிட வசதியாத்தான் இருக்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். இங்கே வந்து நான் சிரித்தது குறைவு.

டிசம்பர் 18

விமானத்திலிருந்து பொருள் போட்டார்கள். வயர்லெஸில் பூட்ஸ் கேட்டிருந்தேன். வந்தது மண்ணெண்ணெய், பருப்பு, வெங்காயம். வெங்காயம் பாறையில் மோதி நசுங்கி அப்படியே உறைந்துவிட்டது. ஒரு பாராசூட் குடை பள்ளத்துக்குள் போய்விட்டது. அதில் என்ன இருந்ததோ.

டிசம்பர் 25

பண்டிகை. நாங்கள் நாலு கிறிஸ்தவர்கள் பதுங்கு குழியில் சேர்ந்து ஜெபம் சொன்னோம். அபூபக்கர் டின் பாலில் பாயசம் மாதிரி ஒன்று காய்ச்சிக் கொடுத்தார்.

மாலையில் மேஜர் கூப்பிட்டுச் சொன்னார். என் பெயரை ஜமேதார் பதவிக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். "ஸ்டோர்ல ஒரு குண்டூசி குறையக் கூடாது சூசை. ஏப்ரல்ல குழு வரும். அவங்க பார்த்துட்டு நல்லா எழுதினா முடிஞ்சுது."

இந்த இடத்தில் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். 1951இல் வேறொரு முகாமில் வெள்ளம் வந்தது. ஆட்கள் நனைந்து நடுங்கினார்கள். கையெழுத்துக்குக் காத்திருக்காமல் ஸ்டோரைத் திறந்து நாற்பது போர்வைகளைக் கொடுத்தேன். பதினொரு போர்வை திரும்பி வரவில்லை. என் சட்டைக் கையின் பதவிப் பட்டிகளில் ஒன்றை அறுத்தார்கள். அணிவகுப்பில், எல்லோர் முன்னாலும், பிளேடால். திரும்ப அதைத் தைத்துக்கொள்ள ஆறு வருஷம் ஆயிற்று. அந்தப் போர்வையில் படுத்தவன் ஒருவன்கூட எனக்காக வந்து பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் கையெழுத்தில்லாமல் ஒரு பொத்தானைக்கூடக் கொடுத்ததில்லை.

1964 ஜனவரி 8

துப்பாக்கிகள் பாடாய்ப் படுத்துகின்றன. எண்ணெய் போட்டால் அது மெழுகாக இறுகி போல்ட் நகர மறுக்கிறது. எல்லாத் துப்பாக்கியையும் மண்ணெண்ணெயில் கழுவி உலரத் துடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு. வெறுங்கையால் இரும்பைத் தொட்ட ஒருவனுக்கு உள்ளங்கைத் தோல் குழாயோடு போய்விட்டது.

வேடியப்பனின் கால் உறையும் ஏமாற்றிவிட்டது. முகாமுக்குள் நடந்தால் சரி. ஆழமான பனியில் இரண்டு மணி நேரம் போனால் சாக்கு நனைந்து, நனைந்தது உறைந்து, காலைச் சுற்றிப் பனிக்கட்டி ஆகிவிடுகிறது. தார்ப்பாய்த் துண்டு சுற்றிப் பார்த்தேன். கிழிந்தது. மெழுகு தேய்த்துப் பார்த்தேன். உதிர்ந்தது. மேலே அனுப்பிய காகிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் எந்தத் தவறும் இல்லை.

ஜனவரி 14

பொங்கல். சுபேதார் வெல்லம் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். இந்த உயரத்தில் அரிசி வேகாது. கடித்துக் கடித்துத் தின்றோம்.

நாளை மறுநாள் ஒன்பது பேர் கொண்ட ரோந்து, மேல் முகட்டுக் கண்காணிப்பு மேட்டுக்கு. மூன்று நாள். பிரென் கன் போகிறது. மேஜர் ஸ்டோருக்கே வந்தார்.

"சூசை, வேடியப்பன் காலுக்கு ஏதாவது பண்ணிட்டியா? இல்லேன்னா அவனை விட்டுட்டு வேற ஆள் அனுப்பறேன். கஷ்டம்தான், ஆனா பரவாயில்லை."

"பண்ணியாச்சு சார்" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. உறை தைத்தது உண்மை, கூட ஒரு மடிப்பு வைத்ததும் உண்மை. பண்ணவில்லை என்று சொல்லியிருந்தால் அவருடைய அடுத்த கேள்வி, ஸ்டோரில் வேறு எதுவுமே இல்லையா என்பதாக இருந்திருக்கும். அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள்.

ஜனவரி 15

பெட்டியின் அரக்கில் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். அவ்வளவுதான்.

ஜனவரி 16

காலை ஆறரைக்குக் கிளம்பினார்கள். வேடியப்பன் உறையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "முடிச்சு செரியா இருக்குதா பாருங்கண்ணா" என்றான். குனிந்து இறுக்கிவிட்டேன். மாற்றுக் காலுறை ஆறு ஜோடி கொடுத்தேன். கணக்கில் ஒரு ஆளுக்கு மூன்றுதான். மிச்சம் மூன்று என்னுடையது.

ஜனவரி 18

நேற்று மதியத்திலிருந்து பனிப்புயல். வெளியே கையை நீட்டினால் கை தெரியவில்லை. வயர்லெஸில் ரோந்திலிருந்து பேச்சில்லை.

ஜனவரி 19

புயல்.

இன்று வர வேண்டியவர்கள். வரவில்லை. ஸ்டோரில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினேன். கோட்டுகள், கையுறைகள், சுருட்டிய கயிறு, பனிக்கோடரி. பெட்டியை நகர்த்தவில்லை.

ஜனவரி 21

மதியம் இரண்டு மணிக்கு வந்தார்கள். ஒன்பது பேரும். முதலில் வந்தவன் வேடியப்பன். தோளில் பிரென் கன், கழுத்தில் இன்னொருவனுடைய துப்பாக்கி, கையில் கயிறு. அந்தக் கயிற்றில் மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வழி தெரியாமல் இரண்டு நாள் ஒரு பாறையடியில் கிடந்தார்களாம். அவன்தான் முன்னால் இடுப்பளவு பனியை மிதித்துப் பாதை போட்டவன். பின்னால் வந்தவர்கள் அவன் தடத்தில் கால் வைத்தார்கள்.

"கால் எப்படில இருக்கு?"

"ஒண்ணும் தெரிலண்ணா. நேத்து வரிக்கும் வலிச்சிது. இப்ப வலியே இல்ல" என்றான். சந்தோஷமாகச் சொன்னான்.

அபூபக்கர் என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். உறையையும், பூட்ஸையும், காலுறையையும் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. இடது காலில் ஐந்து விரலும் கருநீலம். வலது காலில் இரண்டு. தொட்டால் மரக்கட்டையைத் தொடுவதுபோல்.

வேடியப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். யாருடைய காலோ என்பதுபோல் பார்த்தான்.

ஜனவரி 22

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்ததும் உணர்வு திரும்பியது. அவன் கத்திய சத்தம் மேல் மேட்டுக்காவல் வரை கேட்டதாம். நான் ஸ்டோரில் இருந்தேன். எனக்கும் கேட்டது.

ஜனவரி 24

வானம் தெளிந்தது. எட்டுப் பேர் தூக்குக்கட்டிலில் அவனைக் கீழே கொண்டுபோகிறார்கள். நானும் வருகிறேன் என்று மேஜரிடம் கேட்டேன். "ஸ்டோரை யார் பார்ப்பாங்க?" என்றார். சாவி என்னிடம்தான் இருந்தது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் கம்பளிக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டினான்.

பிப்ரவரி 10

வயர்லெஸ் செய்தி. ஏழு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

சுபேதார் குஞ்ஞம்பு ஸ்டோருக்கு வந்து, என் எதிரே ஒரு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தார். "நீ எவ்வளவு காகிதம் எழுதினே. எத்தனை ராவு தச்சே. ஈ கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். மனசு விடாதே" என்றார். நான் அவரைப் போகச் சொல்லிவிட்டேன். மரியாதையில்லாமல் பேசினேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

மார்ச் 3

இருமல். கணக்கெடுப்பு. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு குண்டூசிகூடக் குறையவில்லை.

ஏப்ரல் 12

கணவாய் திறந்தது. பரிசோதனைக் குழு வந்தது. ஒரு கர்னல், இரண்டு கேப்டன்கள். முத்திரையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். "பிரமாதம். மற்ற மூன்று இடங்களில் உடைத்துவிட்டார்கள்" என்று கர்னல் மேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மேஜர் என் முதுகில் தட்டினார்.

பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு ஜோடி. ஆட்டு ரோமம் வெள்ளை வெளேரென்று இருந்தது. எட்டாம் நம்பர் ஒன்று, பன்னிரண்டாம் நம்பர் ஒன்று.

எட்டாம் நம்பரை ஒருவனுக்கு மாட்டி நடக்கவிட்டார்கள். பிறகு ஒரு கேப்டன் பன்னிரண்டாம் நம்பரைத் தூக்கிக் காட்டி, "இந்த அளவில் உங்கள் கம்பெனியில் யாராவது உண்டா?" என்றார்.

மேஜரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவர் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருந்தான் சார்" என்றேன். "ஜனவரியில் ரோந்து போனான். ஏழு விரல் போய்விட்டது. இந்தப் பெட்டி அப்போது ஸ்டோரில்தான் இருந்தது. உள்ளே பன்னிரண்டாம் நம்பர் இருப்பது எனக்கு நவம்பரிலேயே தெரியும்."

கர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், உத்தரவு திறக்கக் கூடாது என்றுதான் இருந்தது, ஹவில்தார் உத்தரவை மீறவில்லை, அந்தச் சிப்பாயின் விஷயம் வருத்தத்துக்குரியது, ஆனால் இந்தக் குழுவின் வேலை பூட்ஸைப் பற்றியது. எழுதிக்கொண்டிருந்த கேப்டனிடம், அதை எழுத வேண்டாம் என்று கைகாட்டினார்.

ஏப்ரல் 13

மேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே உடைச்சிருப்பேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

1951ஐச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தப் பட்டி, அந்த பிளேடு, எல்லாம் அவர் முன்னால் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

"தண்டனை குடுங்க சார்."

"எதுக்குக் குடுக்க? எந்த விதியில எழுத? நீ எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கே" என்று கத்தினார். "நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். என்னைத்தான் தண்டிக்கணும். போ."

எழுத்தில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அது அங்கேயே கிடக்கும்.

மே 3

ஜமேதார் பதவி உத்தரவு வந்துவிட்டது. தோளில் வைக்க நட்சத்திரம் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் இருந்தது. சரியான அளவுதான். மாட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது, அதுவும் விதிமீறல். மாட்டிக்கொண்டேன். அபூபக்கர் சல்யூட் அடித்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

மே 20

லீவில் ஊருக்குப் போகும் வழியில் சமவெளியில் ராணுவ மருத்துவமனை இருக்கும் ஊரில் இறங்கினேன். வெயில் கொளுத்துகிறது. ஆறு மாசக் குளிருக்குப் பிறகு இந்த வியர்வை யாருடையதோ மாதிரி இருக்கிறது.

வேடியப்பன் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்துவிட்டான். என்னைக் கண்டதும் எழப் பார்த்தான், முடியவில்லை. பார்வை என் தோளுக்குப் போனது.

"ஸ்டார் வந்துடுச்சாண்ணா."

"ம்."

பிஸ்கட்டு, பழம், கம்பெனிக்காரர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் வைத்தேன். வைக்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோனது. அதன்பிறகு சொன்னேன். பெட்டி, அரக்கு, சீட்டு, மேஜர் கேட்டது, நான் சொன்ன பதில். ஒன்றையும் விடவில்லை.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் சொன்னான்.

"தெரியும்ண்ணா."

"என்னல தெரியும்?"

"கழுதமேலருந்து அந்தப் பொட்டிய எறக்குனதே நாந்தான். சீட்டுல எட்டுன்னும் பன்னண்டுன்னும் போட்டிருந்துது. நம்பருகூடவா எனக்குப் படிக்கத் தெரியாது?"

"பின்ன ஏம்ல ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லியிருப்பீங்க. அப்பறம் உங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? மூணு நாளு உக்காந்து எனக்குத் தச்சிக் குடுத்தவரு நீங்க. நீங்களாவே குடுப்பீங்கன்னு இருந்தன். கெளம்பற அன்னிக்கிக் காலையில, முடிச்சு பாருங்கன்னு வந்தனே, அப்பகூட இருந்தன்."

நான் அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க?" குரல் திடீரென்று ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "உங்க மனசு ஆறணும்னா? எனக்கு ஏர் புடிக்கக் காலு இருக்குதா? வரப்புமேல நடக்க முடியுமா? ஊருக்குப் போயி நான் இன்னா சொல்லுவன், குளுரு கடிச்சிதுன்னா, ஸ்டோரண்ணன் கடிச்சிதுன்னா? போங்க. போயிடுங்க."

நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

மே 21

ஊருக்கு ரயில் காலை எட்டு மணிக்கு. போகவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாலைவரை. அவன் கூப்பிடவில்லை. நானும் உள்ளே போகவில்லை. வேப்பமரத்தடியில் டீ விற்பவன் மூன்று தடவை, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டான்.

மே 22

பத்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். இன்று அவனை முதல்முறையாக வராந்தாவில் நடக்கவிட வேண்டுமாம். உதவியாள் வரவில்லை. "நீங்கள் அந்தத் தமிழ்க்காரருக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எழுந்து நின்றேன்.

வேடியப்பன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்தான். நீளமான வராந்தா, வழவழப்பான சிமெண்டு. இடது கையில் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டான். வலது கையை என் தோளில் வைத்தான்.

கனமான கை. நட்சத்திரம் அழுந்திக் குத்தியது. முதல் அடியில் முன்பக்கமாகச் சாய்ந்தான். விரல் இல்லாத கால் எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அடி. மூன்றாவது. வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பினோம். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை, எனக்கும்தான்.

இரண்டாம் சுற்றில் நான் ஏதோ நினைப்பில் கொஞ்சம் முந்திவிட்டேன் போலிருக்கிறது. என் தோளை அழுத்திப் பின்னால் இழுத்தான்.

"உங்கள மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காதீங்க" என்றான். "கொஞ்சம் மெதுவா நடங்க."